சிவப்புச் சரம் வரைந்த நான்கு வீடுகள்

போன வாரம் என் மகள் பள்ளியிலிருந்து ஒரு தாளோடு வந்தாள். அதில் மூன்று கட்டங்கள். மேலே நகரம், புறநகர், கிராமம் என்று அச்சடித்திருந்தது. நாம் வசிக்கும் இடம் இதில் எது, அங்கே யார் யார் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்று பெற்றோர் உதவியுடன் எழுதிக் கொண்டுவர வேண்டுமாம். எட்டு வயதுப் பிள்ளை கேட்ட சாதாரண உதவி. நான் பேனாவை எடுத்தேன், மூடியைக் கழற்றினேன், மறுபடியும் மூடினேன். அப்பாவிடம் கேள் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

அதற்கு முந்தின வாரம்தான் சிவகாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் வீட்டுக்குள் வைத்து வெடி பின்னிக்கொண்டிருந்தபோது விபத்து நடந்திருந்தது. நாங்கள் இருப்பது விருதுநகரில். சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. செய்தியில்தான் பார்த்தேன். இடிந்த சுவரை ஒட்டி ஒரு பள்ளிக்கூடப் பை கிடந்தது. அன்றிலிருந்து சமையல் கேஸை அணைத்தபின் இரண்டு தடவை போய்ப் பார்க்கிறேன். மகளின் வேன் ஐந்து நிமிடம் பிந்தினால் தெருவில் இறங்கி நிற்கிறேன். கணவர் சிரிக்கிறார். அவருக்குச் சொந்த ஊர் வேறு. என் மூன்றாம் வகுப்பில் நடந்ததை அவரிடம் நான் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஒன்றுமே நடக்காமல் முடிந்துபோன கதை அது.

அப்போது எங்கள் வீடு திருத்தங்கலுக்கு வெளியே, சிவகாசி ரோட்டிலிருந்து பிரிந்து போகும் மண்பாதையில் ஒரு காலனியில் இருந்தது. ஒரே தெரு, பத்து வீடு. அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மெஷின் ஓட்டினார். அம்மா வீட்டிலிருந்தபடி தீப்பெட்டிக் கூடு ஒட்டுவாள். தீபாவளி சீசன் நெருங்கினால் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுச் சரம் பின்னுவாள். மருந்து அடைத்த சின்ன வெடிகளை வரிசை சேர்த்து, திரியோடு திரி பிணைத்து, நூலால் சடைபோல நீளமாகப் பின்ன வேண்டும். அம்மாவின் தம்பி, என் மாமா, வெடிகளைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் வைத்து விடியுமுன் கொண்டுவந்து போடுவார். பின்னியதை அவரே எடுத்துப் போவார். இந்த வேலையை அனுமதி பெற்ற கம்பெனிக்குள் வைத்துத்தான் செய்யலாம், வீட்டில் வைத்துச் செய்தால் போலீஸ் பிடிக்கும் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குச் சொல்லித் தந்திருந்தது ஒன்றே ஒன்று. தெரியாத ஆள் வந்து உங்கள் வீட்டில் என்ன வேலை என்று கேட்டால், பெட்டி ஒட்டுகிறோம் என்று சொல்ல வேண்டும்.

சீசன் என்றால் எனக்குக் கொண்டாட்டம். அடுப்பு வீட்டைவிட்டுப் பின்பக்கச் சுவரோரம் போய்விடும்; திறந்த வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம். பீடி குடிக்க அப்பா தெருமுனை வரைக்கும் நடந்து போவார். அம்மா முன்னால் குடிக்கக் கூச்சப்படுகிறார் என்று நான் அவரைப் பற்றிப் பெருமையாக நினைத்துக்கொண்டேன். முந்தின வருடம் அடுத்த காலனியிலிருந்து ஓர் அக்காவைச் சாக்கோடு பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த அக்கா இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருக்கிறது என்று எங்களுக்குச் சொன்னார்கள். பதினைந்து நாள் கோயிலில் என்ன செய்திருக்கும் என்று நாங்கள் விளையாட்டுக்கு நடுவே பேசிக்கொண்டோம்.

எங்கள் டீச்சர் விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கட்டுகிற மாதிரியே மற்ற நாளும் புடவையை மடிப்புக் கலையாமல் கட்டியிருப்பார். ஒரு நாள் நகரம், புறநகர், கிராமம் பாடத்தை எடுத்தார். புத்தகத்தில் மூன்று படம் இருந்தது. நகரத்தில் உயரமான கட்டடமும் புகை விடும் ஆலையும். புறநகரில் பூச்செடி வைத்த சின்ன வீடு. பையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடும் ஓர் அப்பா. கிராமத்தில் வயல், கிணறு, இரண்டு மாடு. கிராமத்துப் பிள்ளைகள் கையைத் தூக்குங்கள் என்றார். ஒருவரும் தூக்கவில்லை. யார் வீட்டிலும் வயலும் இல்லை, மாடும் இல்லை. நகரத்துப் பிள்ளைகள் என்றார். பாதிப் பேர் தூக்கிவிட்டு, பக்கத்தில் பார்த்து இறக்கிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்து ஆலைகளில் புகை வராது. வந்தால் ஊரே ஓடும். அவை நகரத்திலும் இல்லை, கருவேலங்காட்டுக்குள் தள்ளித் தள்ளி இருந்தன. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான்.

"டீச்சர், புறநகர்க்காரவுக நகரத்துக்கு வேலைக்குப் போவாகன்னு போட்டிருக்கு. எங்கம்மா ஊருக்குள்ள இருந்து வேன்ல ஏறி காட்டுக்குள்ள வேலைக்குப் போகுது. அப்ப நாங்க யாரு டீச்சர்?"

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. இந்தப் படத்தை வரைந்தவர் நம் ஊர்ப் பக்கம் வந்ததில்லை, அதனால் நம் ஊரை நாமே வரைந்துவிடலாம் என்றார். அவரவர் தெருவில் வீடுவீடாகப் போய், யார் என்ன வேலை பார்க்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எதில் ஏறி எங்கே போகிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். அதைப் படமாக வரைய வேண்டும். கல்வி அதிகாரி வருகிற நாளில் எல்லாவற்றையும் சுவரில் மாட்டுவார். ஒரு நிபந்தனை மட்டும் சொன்னார். சொன்னதை அப்படியே எழுதிவிடக் கூடாது, கண்ணால் பார்த்ததைத்தான் எழுத வேண்டும்.

நோட்டும் பென்சிலுமாக நான் தெருவில் இறங்கியதும் காலனியே கலகலப்பானது. கணக்கெடுக்கிறாள், ஏதோ கிடைக்கப்போகிறது என்று பேச்சுப் பரவிவிட்டது. மூன்றாம் வீட்டுப் பெரியம்மா பட்டா தருகிறார்களா என்று கேட்டாள். இல்லை, படம் வரையத்தான் என்றேன். "படத்துலயாவது எங்க வீட்டுக்கு மாடி வச்சிரு புள்ள" என்றாள். ஐந்தாம் வீட்டு மதினி, தண்ணீர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று சரிபார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது; அளவைத்தான் பார்த்தாள். வேலை என்ன என்று கேட்டபோது நான்கு வீட்டில் பெட்டி ஒட்டுகிறோம் என்றார்கள். அந்த நான்கில் ஒன்று எங்கள் வீடு. டீச்சர் கண்ணால் பார்த்ததை எழுதச் சொல்லியிருந்தார். நான் கண்ணால் பார்த்ததை எழுதினேன். டீச்சர் தெரியாத ஆளும் இல்லை.

படத்துக்கு அப்பா அச்சகத்திலிருந்து வேஸ்ட் ஷீட் ஒன்று கொண்டுவந்தார். பெரிய காலண்டர் தாள். நிறம் தள்ளி விழுந்ததால் அதில் அம்பாளுக்கு நான்கு கண் இருந்தது. அதன் வெள்ளை முதுகில், வகுப்பில் டீச்சர் கொடுத்த கிரேயானால், இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தேன். பத்து வீட்டுக்கும் நம்பர் போட்டேன். வேன் வருகிற ரோடு, தண்ணீர்க் குழாய், அச்சகத்துக்குப் போகும் அப்பா, மாடி வைத்த பெரியம்மா வீடு எல்லாம் வரைந்தேன். சரம் பின்னுகிற நான்கு வீட்டு வாசலிலும் சிவப்பில் நீளமாகச் சரம் தொங்கவிட்டேன். சீசனில் அடுப்பு வெளியே இருப்பதையும் விடவில்லை. மாமாவைச் சைக்கிளும் சாக்குமாக வரைந்து, அவர் வருகிற ஒற்றையடிப் பாதையைப் பச்சை அம்புக்குறியால் காட்டி, விடியுமுன் வருவார் என்று பக்கத்தில் எழுதினேன். தலைப்பு, எங்கள் தெரு மூன்றும் சேர்ந்தது. காசு கொடுத்து ஆள் வைத்திருந்தாலும் எந்த அதிகாரிக்கும் இவ்வளவு தெளிவாக ஒரு வரைபடம் கிடைத்திருக்காது.

அதிகாரி வருகிற அவசரத்தில் டீச்சர் பதிவேடுகளை எழுதிக்கொண்டிருந்தார். என் படத்தைத் தூரத்திலிருந்து பார்த்து, வீடுகளின் வரிசையும் நிறமும் பிடித்துப்போய், சுவரின் நடுவில் மாட்டச் சொன்னார். வகுப்பில் எல்லோருக்கும் அது தெரியும்படி நான் அன்று முழுக்க நடந்துகொண்டேன்.

மறுநாள் காலை கல்வி அதிகாரி வந்தார். அவரோடு தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவரும் வந்தார். சத்துணவுக் கூடத்தைப் பார்க்க வந்தவர். கல்வி அதிகாரி நல்ல மனிதர். வாய்ப்பாடு கேட்டார், தப்பாகச் சொன்னவர்களையும் உட்காரச் சொன்னார். என்னைப் பார்த்து, "நீ இருக்கறது கிராமமா பாப்பா, டவுனா?" என்றார்.

"மூணும் சார். படத்துல போட்டிருக்கேன்."

எங்கே காட்டு என்று இருவரும் சுவரை நோக்கி வந்தார்கள். படத்தை ஒட்டி நின்ற டீச்சர் வழிவிடத் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார். அவருடைய கண் படத்தின் மேல் இடமிருந்து வலமாகப் போவதை நான் பார்த்தேன். பிறகு அவர் எங்களைப் பார்த்துத் திரும்பி, முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

"அது இன்னும் முடியல சார்."

"முடிச்சிட்டேன் டீச்சர்" என்றேன் நான்.

"முடியல. தப்புத் தப்பா இருக்கு. திருத்திக் கொண்டுவரச் சொல்லியிருக்கேன்."

வகுப்பு சிரித்தது. டீச்சர் நகரவில்லை. முடியாத படத்தைச் சுவரில் மாட்டுவானேன் என்று அதிகாரி சற்றுக் கடுமையாகக் கேட்டார். கையிலிருந்த நோட்டில் ஏதோ எழுதினார். தாலுகா ஆபீஸ்காரர் என்னைப் பார்த்து எந்தக் காலனி என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், சாம்பார் ஆறிவிடும் சார், சூட்டோடு பார்த்தால்தான் தெரியும் என்றார் டீச்சர். அவர்கள் போகிற வரைக்கும் அதே இடத்தில்தான் நின்றார். போனபின் திரும்பியபோது அவருடைய வெளிர்நீல ரவிக்கையின் முதுகில் வேர்வையோடு என் சிவப்புக் கிரேயான் ஒட்டியிருந்தது.

பிள்ளைகள் சாப்பிடப் போனதும் டீச்சர் என் படத்தைக் கழற்றிக் கிழித்தார். கோபத்தில் கிழிக்கிற மாதிரி இல்லை. நிதானமாக, நான்காக, எட்டாக, பிறகு எழுத்துத் தெரியாத அளவுக்குத் துண்டு துண்டாகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். குப்பைக்கூடையில்கூடப் போடவில்லை. வேறு தாள் தருகிறேன், தெருவில் நீங்கள் விளையாடுகிறதை வரை என்றார். வேண்டாம் என்றேன். அன்று சத்துணவும் சாப்பிடவில்லை.

பள்ளி விட்டதும் டீச்சர் தன் பஸ்ஸுக்குப் போகாமல் என்னோடு நடந்தார். என் பையை அவரே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். வீட்டில் கோள் சொல்லத்தான் வருகிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. வழியெல்லாம் நான் வேண்டுமென்றே நாலடி முன்னால் நடந்தேன். பின்னியதை எடுக்க வந்திருந்த மாமா, எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே சைக்கிளை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கமாகப் போய்விட்டார். அம்மா வாசலுக்கு வந்தாள். அவள் விரல்களில் சாம்பல் நிறம் அப்பியிருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

"பெட்டி ஒட்டுறோம் டீச்சர்" என்றாள்.

இருக்கட்டும், உள்ளே வரலாமா என்றார் டீச்சர். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். நான் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தேன். எட்டிப் பார்த்தபோது டீச்சர் அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் இரண்டு மூட்டை. மூட்டை மேல் சாய்த்து வைத்த என் புத்தகங்கள். மூட்டையை ஒட்டிச் சுருட்டி வைத்த என் பாய். கடவுள் படத்துக்கு முன்னால் எண்ணெய் இல்லாத விளக்கு.

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன், பயப்படாதீக" என்றார் டீச்சர். "ஆனா பிள்ள படுக்கிற இடத்துல வேணாமே."

"வேற எங்கன வைக்க டீச்சர்? இருக்கது ஒரு ரூமு."

 டீச்சர் வரும் வழியெல்லாம் என்னென்னவோ யோசித்துக்கொண்டு வந்திருப்பார். அதில் ஒன்றைக்கூட அந்தப் பதிலுக்குப் பிறகு சொல்ல முடியாமல் போய்விட்டது என்று இப்போது நினைக்கிறேன். கடைசியில் வேறொன்று கேட்டார்.

"எந்நேரம் பின்னுவீக?"

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் என்றாள் அம்மா. இருட்டிவிட்டால் தொடமாட்டோம் என்றாள். மற்ற மூன்று வீட்டிலும் அப்படித்தானா என்று கேட்டார் டீச்சர். அம்மா தலையை ஆட்டினாள். பிறகு பின்பக்கம் போய்க் கையை இரண்டு தடவை கழுவி, வெளி அடுப்பில் காபி போட்டுக் கொடுத்தாள். டீச்சர் வெளியே நின்று குடித்தார். கிளம்பும்போது என் தலையைத் தொட வந்தார். நான் விலகிக்கொண்டேன். அவர் போனபின் அம்மா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. என் பாயை எடுத்து, மூட்டைக்கு எதிர்ச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தாள். அறையில் அதற்கு மேல் தள்ளி வைக்க இடம் இல்லை.

திங்கட்கிழமை காலை கூட்டத்தில், படிப்பில் பின்தங்கியவர்களுக்கு இனி தினமும் பள்ளி விட்டபின் ஆறு மணி வரை தனி வகுப்பு என்று அறிவித்தார்கள். நான்கு பெயர் படித்தார்கள். அதில் என் பெயரும் இருந்தது. அந்த வருடம் எல்லாப் பரீட்சையிலும் நான்தான் முதல் ரேங்க். கூட இருந்தவர்கள் ஐந்தாம் வகுப்பு அக்கா ஒருத்தி, இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், இன்னும் மூக்கு ஒழுகுகிற ஒன்றாம் வகுப்புப் பொடியன். ஒரே வகுப்பில் இவர்களை உட்கார வைத்து எந்தப் பாடத்தை நடத்துவார்கள்? எங்கள் நால்வருக்கும் பொதுவாக இருந்தது எங்கள் தெரு மட்டும்தான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அந்தத் தெருவில் சரம் பின்னுவது எந்தெந்த வீடு என்று டீச்சருக்கு எப்படித் தெரியும் என்பதும் உறைக்கவில்லை. தப்பாகப் படம் வரைந்ததற்குத் தண்டனை என்று முடிவு கட்டிக்கொண்டேன். மற்ற மூன்று பேர் என்ன வரைந்தார்கள் என்று மட்டும் விசாரித்தேன். ஒன்றும் வரையவில்லையாம்.

தனி வகுப்பில் பாடமே நடக்கவில்லை. வீட்டுப்பாடம் முடித்தால் விளையாடலாம். டீச்சர் தன் காசில் வாங்கிய பன்னை நான்காகப் பிய்த்துத் தருவார். பொடியன் தினமும் ஐந்து மணிக்கு அவர் மடியில் தூங்கிவிடுவான். விருதுநகரில் அவருக்கு ஒரு வயதில் குழந்தை இருந்தது. அதை அவர் சொல்லித் தெரியவில்லை. பெரிய டீச்சர் ஒருநாள் வாசலில் நின்று, சொந்தப் பிள்ளையை விட்டுவிட்டு இதென்ன வேண்டாத வேலை என்று கடிந்துகொண்டதில் தெரிந்தது. ஆறு மணிக்கு எங்கள் அம்மாக்கள் வருவார்கள். நான்கு பேரும் மருந்துத் தூசி போகத் தலைக்கு ஊற்றி, ஈரக் கூந்தலோடு வருவார்கள். டீச்சரிடம் அதிகம் பேச மாட்டார்கள். என் அம்மா ஒருநாள் ஒரு தூக்குச்சட்டியில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து, மேஜை மேல் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். டீச்சருக்கு நல்ல குழம்பு கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

தீபாவளி வரைக்கும் இது நடந்தது. அந்த சீசனில் எங்கள் தெருவில் ஒன்றும் ஆகவில்லை. யாரையும் பிடித்துக்கொண்டும் போகவில்லை. அடுத்த வருடம் அம்மா கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். நான் அந்தத் தீபாவளி வரைக்கும் டீச்சரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எங்கள் பக்கம் கம்பெனிகளில் வெடியைக் கொளுத்திப் பார்க்கும் சத்தம் எந்நேரமும் கேட்கும். காக்காய் கத்துவதற்குத் திரும்பிப் பார்ப்போமா, அதுபோலத்தான் எங்களுக்கு அது. டீச்சர் மட்டும் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்துவிடுவார். மடியில் பொடியன் கிடந்தால் அவனையும் தூக்கிக்கொண்டு எழுவார். எங்கள் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சொல்வார். உட்கார்வார். கொஞ்ச நேரத்தில் எழுந்து மறுபடியும் முதலிலிருந்து சொல்வார். முதல் ரேங்க் வாங்குகிற எனக்கு இந்த அம்மா நாலு வரைக்கும் எண்ணச் சொல்லித் தருகிறாரே, நான் அவ்வளவுக்கா மக்காகிவிட்டேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒருநாள் பொறுக்க முடியவில்லை. சத்தம் கேட்டு அவர் கை என் தலைக்கு வந்ததும் நான் விறைப்பாக எழுந்து நின்று, ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் வகுப்பறை அதிர உரக்கச் சொன்னேன். டீச்சர் நிறுத்தச் சொல்லவில்லை. நூறு வரைக்கும் என் தலையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.